ஜன்னல் சுவரும் படிக்கட்டுச் சுவரும்

பரிசுப் பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியவள் அவள்தான். நான்கு மூலைக்கும் குண்டூசி குத்தி, மேல் விளிம்பில் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுவில் வந்து நின்ற பிறகுதான் கையை எடுத்தாள். ஒரே ஒரு தாள், அதற்கும் இந்தப் பாடு. கொத்தனார்கள் சுவர் கட்டும்போது வைத்துப் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடிக் குழாயைக் கைப்பையில் போட்டுக்கொண்டு அலைகிற ஒரே ஆள் அந்தக் கல்வி அலுவலகத்தில் அவள்தான். அதனால் பெயரே அதுவாகிவிட்டது. சின்னவர்கள் "ரசமட்டம் அக்கா" என்பார்கள். மேலதிகாரிகளுக்கு வெறும் "ரசமட்டம்".

ஓர் அடி பின்னால் வந்து நின்று அப்புறம்தான் படித்தாள். வட்டாரத்தின் பதினோரு பள்ளிகளுக்கும் சேர்த்து நடக்கும் மாணவர் ஓவியக் கண்காட்சி. ஒன்பது பரிசுகள். ஏழு மணிக்கூண்டுப் பள்ளிக்கு. இரண்டு அதற்கு அடுத்த தெருவில் இருக்கும் பள்ளிக்கு. பஸ் பணிமனையை ஒட்டிய கடைசி நிறுத்தப் பள்ளிக்கு இந்த வருஷமும் ஒன்றும் இல்லை.

கடைசி நிறுத்தப் பள்ளியில்தான் அவள் மகள் பத்தாவது படிக்கிறாள். பத்தாவதுக்கு மேல் இந்தக் கண்காட்சியில் கலந்துகொள்ள முடியாது. முதல் மூன்று இடம் வாங்கினால் ஓவியப் பள்ளியில் தேர்வு இல்லாமல், கட்டணம் இல்லாமல் நேராக இடம். ஐந்தாவதிலிருந்து அந்தப் பெண் கண்டுகொண்டிருந்த கனவு அது.

பின்னால் இரண்டு பேர் பேசிக்கொண்டார்கள்.

"இந்த வருஷமும் மணிக்கூண்டுதானா. பேசாம பரிசை எல்லாம் அந்த ஸ்கூல் வாசல்லயே கொண்டுபோய் இறக்கிட்டா வண்டி வாடகையாவது மிச்சம்."

"கண்ணாடி மாஸ்டர் முன்னாடி அங்கதானே வேலை பாத்தாரு. பழைய பாசம் விடுமா?"

கண்ணாடி மாஸ்டர் என்பவர் எட்டு வருஷமாகத் தலைமை நடுவர். ஓவிய ஆசிரியர். சோடா புட்டி மாதிரி தடித்த கண்ணாடி. யாரிடமும் சிரித்துப் பேசாத மனிதர். அப்படிப்பட்ட ஆள் மேல் பழி போடுவது ரொம்ப சுலபம்.

அவள் ஊசி டப்பாவை மூடிக்கொண்டு உள்ளே போனாள்.

அவளைப் பற்றி முதலில் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். பதினேழு வருஷமாக அங்கே சாமான் அறை உதவியாளர். உடைந்த நாற்காலி, சாக்பீஸ் பெட்டி, சுருட்டி வைத்த வரைபடங்கள், விடைத்தாள் கட்டுகள், இவைதான் அவள் ராஜ்ஜியம். வருஷத்தில் முந்நூற்று ஐம்பது நாள் அவளை யாருக்கும் தெரியாது. கண்காட்சி வரும் அந்தப் பதினைந்து நாள் மட்டும் அந்தக் கட்டடம் முழுக்க அவள் பேச்சுதான் செல்லும்.

வாயில் ஆணிகளைக் கவ்விக்கொண்டு ஏணியில் நிற்பாள். சுவருக்குக் குறுக்கே நூல் கட்டுவாள். எட்டாவது படிக்கும் பிள்ளையின் கண் உயரத்துக்குப் படத்தின் நடு வரவேண்டும் என்பாள். ஒரு படம் கோணலாக இருந்தால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. படங்களின் முன்பக்கம் பெயரோ பள்ளியோ இருக்காது, எண் மட்டும்தான். அதற்காக ஒரு கோடு போட்ட நீள நோட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு சுவரையும் அதில் வரைந்து, கட்டம் போட்டு, எந்த ஆணியில் எந்த எண் என்று எழுதி வைப்பாள். கழற்றும்போது எந்தப் படமும் வேறு பள்ளிக் கட்டுக்குள் போய்விடக் கூடாது, அதற்குத்தான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இரண்டு தலைமையாசிரியர்கள் நல்ல சுவருக்காகக் கூடத்தில் சண்டை போட்டார்கள். ஒருவர் மற்றவர் பள்ளிப் படங்களைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டார். அன்றைக்கு அவள்தான் ஒரு சட்டம் போட்டாள். யார் கட்டு முதலில் வருகிறதோ அவர்கள் படம் முதலில். வாசல் பக்கத்து ஜன்னல் சுவரில் ஆரம்பித்து வரிசையாக உள்ளே போய்ப் படிக்கட்டுச் சுவரில் முடியும். பெரிய ஆள் சின்ன ஆள் கிடையாது. அதற்கப்புறம் சண்டையே வரவில்லை.

"இந்த ஆபீஸ்ல சிபாரிசு செல்லாத ஒரே இடம் என் செவுருதான்," என்று அவள் பெருமையாகச் சொல்லி, அதே அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் நானே கேட்டிருக்கிறேன்.

மணிக்கூண்டுப் பள்ளி அலுவலகத்துக்கு நேர் எதிரே. பத்து மணிக்குக் கதவு திறந்ததும் சாலையைக் கடந்து கட்டைக் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள். கடைசி நிறுத்தப் பள்ளியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தான் வந்து சேரும். இதில் தப்பு என்ன இருக்கிறது என்று அவள் யோசித்ததே இல்லை. யாரும் யோசிக்கவில்லை.

பட்டியல் வந்த அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே பேனா தாளில் கீறும் சத்தம் கேட்டது. பணிமனைக்குப் பின்னால் இரண்டு அறை வீடு. கணவர் அங்கேயே பஸ் மெக்கானிக். மகளை அவர் "வக்கீலம்மா" என்றுதான் கூப்பிடுவார். பேச ஆரம்பித்தால் எதிராளி எழுந்து போகும்வரை விடமாட்டாள்.

வக்கீலம்மா தரையில் உட்கார்ந்து புகார் எழுதிக்கொண்டிருந்தாள். அப்பா பக்கத்தில் கையில் ஒட்டிய கிரீஸைத் துணியில் துடைத்தபடி, மகள் எழுதுவதை வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

"'தலைமை நடுவர் தாம் முன்பு பணியாற்றிய பள்ளிக்குத் தொடர்ந்து சலுகை காட்டி வருகிறார்.' நல்லா இருக்கும்மா. 'தொடர்ந்து'க்கு அடியில ஒரு கோடு போடு."

"போட்டாச்சுப்பா. அம்மா, நீ வந்துட்டியா. இங்க உக்காரு. நீதான் முக்கியமான சாட்சி."

"நானா?"

"மார்க் போடும்போது நீ கூடத்துலதானே இருந்த. அவரு எங்க எவ்வளவு நேரம் நின்னாருன்னு உனக்குத் தெரியும்."

தெரியும். அதுதான் கஷ்டம். படம் ஏதாவது சரிந்தால் தூக்கி வைக்க அவள் கூடத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். சுவர்க் கடிகாரம் எதிரே இருந்தது. ஜன்னல் சுவரில் இருந்த நாற்பது படங்களுக்கு மாஸ்டர் அரை மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார். கிட்டே போனார், தள்ளி நின்றார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். கடைசியில் படிக்கட்டுக்குப் பின்னால் இருக்கும் நடைபாதைக்கு வந்தபோது நாலே நிமிஷம். பதின்மூன்று படம், நாலு நிமிஷம்.

"கொஞ்சம் அவசரமாத்தான் போனாரு," என்றாள்.

"பாத்தீங்களாப்பா." மகள் கண்கள் பளிச்சென்றன. "இதை நீ அதிகாரி முன்னாடி சொன்னா போதும். லிஸ்ட்டை ரத்து பண்ணி, வேற ஆளை வெச்சு மறுபடி மார்க் போடுவாங்க. எனக்கு இன்னும் சான்ஸ் இருக்கும்மா."

"அவருக்கு என்ன ஆகும்?"

"ஆகட்டும். ஃபைல்ல எழுதட்டும். பாரபட்சம் பாக்குற ஆளுக்கு என்ன ஆனா நமக்கென்ன?"

"ஏம்மா, நீ என்ன அவரு கட்சியா?" என்று கணவர் சிரித்தார். "பதினேழு வருஷமா அந்த ஆபீஸ்ல குப்பை கொட்டுற. நம்ம பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

சொல்லுகிறேன் என்றாள். தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டது. நாற்பத்தாறு கையெழுத்து. அடுத்த திங்கட்கிழமை விசாரணை என்று பதில் வந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்னால், சனிக்கிழமை, கண்காட்சியைக் கழற்ற வேண்டிய நாள். அலுவலகத்தில் ஆள் இல்லை. அவளும் காவலாளி அண்ணனும் மட்டும். படிக்கட்டுப் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். முதலில் கையில் வந்தது மகளின் படம்.

மழை பெய்யும் சாயங்காலத்தில் பஸ் பணிமனை. எல்லாம் கருநீலம். வீட்டில் வரைந்துகொண்டிருந்தபோது மகள் யாரையும் பார்க்க விடவில்லை, பழைய சேலையால் மூடி வைத்திருந்தாள். மாட்டியபோது அம்மா பார்த்தது ஆணியை, நூலை, குமிழியை. படம் என்னவோ காலியான மூன்று பஸ்கள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

தூக்கிக்கொண்டு போய்க் கூடத்து ஜன்னலுக்குக் கீழே சாய்த்து வைத்துவிட்டு அடுத்த படத்துக்குத் திரும்பினாள். அப்படியே நின்றுவிட்டாள்.

படத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

மழையில் பஸ் கழுவுகிற ஆட்கள். ஒருவர் வாளியைத் தூக்குகிறார், ஒருவர் சக்கரத்துக்கடியில் படுத்திருக்கிறார், இரண்டு பேர் ஒரே பீடிக்குக் கையை மறைப்பாக வைத்துக் குனிந்திருக்கிறார்கள். எண்ணினாள். பதினொரு பேர். சக்கரத்துக்கடியில் கிடப்பவரின் லேசாக வளைந்த இடது காலைப் பார்த்ததுமே தெரிந்தது, அது அவள் வீட்டுக்காரர்தான்.

படத்தைத் தூக்கிக்கொண்டு மறுபடி படிக்கட்டுக்கடியில் போய் ஆணியில் மாட்டினாள். டியூப் லைட் வெளிச்சத்தில் ஆட்கள் போய்விட்டார்கள். மூன்று பஸ், கரி பூசின மாதிரி. திரும்ப ஜன்னலுக்குக் கொண்டுவந்தாள். பதினொரு பேரும் வந்தார்கள்.

"என்ன தங்கச்சி, படத்தைத் தூக்கிட்டு ஊர்வலமா?" என்றார் காவலாளி.

சாமான் அறைக்குப் போய்ப் பழைய நோட்டுகளை இறக்கினாள். பன்னிரண்டு நோட்டு. பரிசுப் பட்டியல் கோப்பையும் எடுத்தாள். தரையில் உட்கார்ந்து பரிசு வாங்கிய ஒவ்வோர் எண்ணையும் எந்தச் சுவரில் இருந்தது என்று தேடிச் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டாள். இரண்டு மணி நேரம். மொத்தம் நூற்றெட்டுப் பரிசு. தொண்ணூற்று மூன்று வட்டம் ஜன்னல் சுவரில் விழுந்தது. படிக்கட்டுச் சுவரில் ஒன்றுகூட இல்லை.

ஆறு வருஷத்துக்கு முந்தைய நோட்டில்தான் பென்சில் நின்றது. அந்த வருஷம் மணிக்கூண்டுப் பள்ளியில் காய்ச்சல் பரவி இரண்டு வாரம் மூடிவிட்டார்கள். கட்டு கடைசியாக வந்தது. படிக்கட்டுக்குப் பின்னால் மாட்டியிருந்தாள். அந்த வருஷம் அவர்களுக்குப் பரிசே இல்லை. ஜன்னல் சுவரில் இருந்த கடைத்தெருப் பள்ளிக்கு ஆறு பரிசு. அந்த வருஷமும் நடுவர் கண்ணாடி மாஸ்டர்தான்.

அந்த மனிதருக்கு எந்தப் பள்ளி மேலும் பாசம் இல்லை. வெளிச்சம் இருக்கிற இடத்தில் பார்த்தார், இல்லாத இடத்தில் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். அந்த இடத்தை யாருக்கு எது என்று பங்கு போட்டவள் அவள்.

இது அதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. இந்த வருஷ நோட்டில் கடைசிப் பக்கத்தை அவள் திறக்கவில்லை. திறக்காமலேயே அதில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

திங்கட்கிழமை காலை, விசாரணைக்கு ஒரு மணி நேரம் முன்னால், சூப்பிரண்டு அறைக்குப் போய் நின்றாள். அலுவலக வேலையெல்லாம் அவர் கையில்தான். நோட்டைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"ஏம்மா ரசமட்டம், உனக்கு வேற வேலை இல்லையா?"

"சார், அவரு மேல தப்பு இல்ல."

"இருக்கட்டும். அவரு பேரை நடுவர் லிஸ்ட்லேருந்து எடுத்துட்டா கத்துறவங்க வாயும் மூடும். வேற நடுவர் வந்து மறுபடி மார்க் போடுவாரு. உன் பொண்ணுக்கும் நல்லது. இதுல நீ எதுக்கு நடுவுல போய்த் தலையைக் குடுக்குற?"

"அவரு ஃபைல்ல எழுதிடுவாங்களே சார்."

"எழுதுவாங்க. நீ வாயைத் திறந்தா உன் ஃபைல்ல எழுதுவாங்க. அது மட்டுமில்ல, பாரபட்சமே இல்லேன்னு நீயே நிரூபிச்சிட்டா லிஸ்ட்டை எதுக்கு ரத்து பண்ணணும்? அப்படியே நிக்கும். வீட்டுக்குப் போய் உன் பொண்ணுகிட்ட என்னன்னு சொல்லுவ?" டீயை ஒரே மடக்கில் குடித்தார். "யோசிச்சுப் பேசு. இல்ல, யோசிச்சுப் பேசாம இரு."

மாடிக் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. நீள மேஜையின் தலைப்பில் பெண் அதிகாரி. குறிப்பு எழுத ஓரத்தில் நான். ஒரு பக்கம் கடைசி நிறுத்தத்துப் பெற்றோர், முன் வரிசையில் மெக்கானிக்கும் வக்கீலம்மாவும். இன்னொரு பக்கம் மணிக்கூண்டுப் பெற்றோர். நடுவில் தனி நாற்காலியில் கண்ணாடி மாஸ்டர், கைகளை மடியில் வைத்துக்கொண்டு.

"எங்க பிள்ளைங்க நல்லா வரையுது, பரிசு வாங்குது," என்றார் மணிக்கூண்டுப் பெற்றோர் ஒருவர். "வரையத் தெரியாதவங்க புகார் எழுதுறாங்க. எழுத்து நல்லா இருக்கு, கட்டுரைப் போட்டிக்கு அனுப்பலாம்."

"வரையத் தெரியுமா தெரியாதான்னு பாத்தாதானே தெரியும்," என்று வக்கீலம்மா எழுந்துவிட்டாள். "உங்க மாஸ்டர் எங்க பக்கம் திரும்பினாரா? அவரையே கேளுங்க, என் படம் என்னன்னு."

அதிகாரி மாஸ்டரைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு படம் நூத்தி முப்பத்தொண்ணு. ஞாபகம் இருக்கா சார்?"

மாஸ்டர் ரொம்ப நேரம் யோசித்தார். பொய் சொல்லியிருக்கலாம். "இல்லைங்க," என்றார். "ஞாபகம் இல்ல."

கடைசி நிறுத்தத்துப் பக்கம் சலசலப்பு. ஒருவர் கைதட்டக்கூடச் செய்தார். அந்தப் பெண் மட்டும் ஜெயித்த மாதிரி இல்லாமல், முகம் சுண்டிப்போய் உட்கார்ந்தாள்.

"சாமான் அறை உதவியாளர் வாங்க."

அவள் எழுந்து போய் மேஜைக்கு முன்னால் நின்றாள். நோட்டுகளை மார்போடு அணைத்திருந்தாள். அதிகாரி கேட்டார், "நடுவர் எந்தச் சுவர்ல எவ்வளவு நேரம் இருந்தாருன்னு பாத்தீங்களா?"

"பாத்தேன் மேடம். ஜன்னல் செவுருல அரை மணிக்கு மேல. படிக்கட்டுப் பக்கம் நாலு நிமிஷம்."

மெக்கானிக் மகளின் முதுகைத் தட்டினார். சுவரோரம் நின்றிருந்த சூப்பிரண்டு நிம்மதியாக மூச்சு விட்டார். அங்கேயே நிறுத்தியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

"ஆனா மேடம், அது அவரு தப்பு இல்ல. என் தப்பு."

நோட்டுகளை மேஜையில் விரித்தாள். ஒவ்வொன்றாகச் சொன்னாள். வந்த வரிசை என்று தான் போட்ட சட்டம், ஜன்னல், டியூப் லைட், சிவப்பு வட்டங்கள், காய்ச்சல் வந்த வருஷம். "அந்த வருஷம் இவரு பழைய ஸ்கூலுக்கு ஒண்ணுகூடக் குடுக்கல மேடம். ஏன்னா அது இருட்டுல இருந்துச்சு. எந்த ஸ்கூலை இருட்டுல மாட்டினாலும் அது தோத்துடும். பன்னெண்டு வருஷமா நான்தான் மாட்டினேன். நியாயம்னு நெனச்சுதான் மாட்டினேன்."

இரண்டு பக்கமும் சத்தம் எழுந்தது. "ஆபீஸை காப்பாத்த ஆளை ரெடி பண்ணிட்டாங்கய்யா," என்றது ஒரு குரல். அது அவள் தெருக்காரர்தான். மணிக்கூண்டுப் பக்கம் ஒரு அம்மா, "அப்போ எங்க பிள்ளைங்க செவுரால ஜெயிச்சாங்களா? நல்லா இருக்கே கதை," என்றார். ஒரே பேச்சில் இரண்டு பக்கத்தையும் பகைத்துக்கொள்வது சாதாரண சாமர்த்தியமில்லை.

அதிகாரி எதையும் கவனிக்காமல் இந்த வருஷ நோட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டு வந்தார். கடைசிப் பக்கத்தில் விரல் நின்றது.

"எல்லா இடத்துலயும் நம்பர் வரிசையா வருது. இங்க மட்டும் மாறி இருக்கே. படிக்கட்டுச் சுவர் நூத்தி முப்பத்திரெண்டுல ஆரம்பிக்குது. நூத்தி முப்பத்தொண்ணு கடைசி ஆணியில, படிக்குக் கீழ. ஏன்?"

நூற்று முப்பத்தொன்று யாருடையது என்று சற்று முன்புதான் எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

அவள் மகளைப் பார்க்கவில்லை. மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "அது என் பொண்ணு படம் மேடம். வரிசைப்படி நடைபாதை வாசல்லயே வந்திருக்கணும். அங்க கூடத்து வெளிச்சம் கொஞ்சம் விழும். நான்தான் எடுத்துக் கடைசியில மாட்டினேன்."

"ஏன்?"

"என் பொண்ணுக்கு நானே நல்ல இடம் குடுத்தேன்னு நாளைக்கு நாலு பேரு பேசக் கூடாதுன்னு." நோட்டின் கடைசிப் பக்கத்தில் விரலை வைத்தாள். "பன்னெண்டு வருஷத்துல வரிசையை ஒரு தடவைதான் மாத்தினேன் மேடம். அது இதுதான்."

அந்தப் பெண் எழுந்து நின்றாள். அவள் எதிர்த்து வாதாடாமல் நின்றதை அந்தத் தெருவே அன்றுதான் பார்த்திருக்கும்.

"நீயாம்மா?" என்றாள். அவ்வளவுதான். சத்தமாகக்கூட இல்லை. அப்புறம் நாற்காலிகளுக்கு நடுவே வழி கேட்டு வெளியே போய்விட்டாள்.

அம்மா மேஜை முன்னாலேயே நின்றாள். பின்னால் ஓடிப்போக வேண்டும் போல அவள் கால் ஒரு அடி வைத்ததையும், சாட்சி சொல்ல நிற்கிறோம் என்று திரும்ப இழுத்துக்கொண்டதையும் நான் பார்த்தேன். அதை எந்தக் குறிப்பில் எழுதுவது?

முதலில் பேசியது கண்ணாடி மாஸ்டர். "மேடம், நாலு நிமிஷம்தான் நின்னேன்னு இவங்க சொன்னது நிஜம். சரியாத் தெரியலன்னா விளக்கு கேட்டிருக்கணும். நான் கேக்கல. எனக்குப் பார்வை மோசம்னு நானே வெளிய சொல்லிக்க வேண்டாம்னு விட்டுட்டேன். லிஸ்ட்டை ரத்து பண்ணிடுங்க. ஒரே ஜன்னல், ஒரே நாற்காலி. நூத்தி நாப்பத்துமூணு படத்தையும் ஒண்ணொண்ணா அதுல வெச்சுப் பாக்கலாம். வெளியூர் நடுவர் ரெண்டு பேர் மார்க் போடட்டும். நான் பாக்க மட்டும் செய்யறேன்."

அதிகாரி ஒத்துக்கொண்டார். மாஸ்டர் மேல் தவறு இல்லை என்று எழுதச் சொன்னார், எழுதினேன். சாமான் அறை உதவியாளரிடம் விளக்கம் கேட்டு மெமோ என்றார். அதையும் எழுதினேன்.

அந்த மூன்று நாள் வீட்டில் தட்டு வைக்கும் சத்தம் மட்டும்தான். மகள் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட, "அப்பா, அவங்களை நகரச் சொல்லுங்க," என்பாள். அப்பா இரண்டு பேருக்கும் நடுவில் தபால்காரர் வேலை பார்த்தார். தெருவில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவள் யாரிடமும் எதையும் விளக்கவில்லை.

வியாழக்கிழமை மறுபடியும் மதிப்பீடு. பார்க்க விரும்பியவர்கள் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். மகள் வந்தாள், கூடத்தின் பின் சுவரோரம் நின்றாள். ரசமட்டம் ஒவ்வொரு படமாகத் தூக்கி வந்து ஜன்னலோர நாற்காலியில் வைத்தாள், எடுத்தாள், அடுத்ததை வைத்தாள். காலையிலிருந்து சாயங்காலம் வரை. நூற்று முப்பத்தொன்றை வைத்தபோது படம் லேசாகச் சாய்ந்தது. சரி பண்ணாமல் விலகி நின்றாள்.

நடுவர்கள் இருவரும் எழுந்து கிட்டே வந்தார்கள். ஒருவர் குனிந்து விரலால் எண்ணத் தொடங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த கண்ணாடி மாஸ்டரும் எழுந்து வந்தார். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். பின் சுவரோரம் அந்தப் பெண் மூச்சு விடாமல் நின்றாள்.

ஐந்து மணிக்குப் பட்டியல் படித்தார்கள். முதல் இடம் மணிக்கூண்டுப் பள்ளிக்கே. இரண்டாவது கடைசி நிறுத்தப் பள்ளி, ஆனால் மகளுடையது இல்லை, அவள் வகுப்பில் கூடப் படிக்கும் ஒரு பையனுடையது. மூன்றாவது கடைத்தெரு. மகள் பெயர் ஆறாவது இடத்தில் வந்தது. சான்றிதழ் உண்டு. ஓவியப் பள்ளியில் இடம் கிடையாது. அதற்கு இனி எல்லோரையும் போலத் தேர்வு எழுத வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் அம்மாவும் மகளும் நாலடி தள்ளித் தள்ளி நின்றார்கள். அந்தப் பையன் தூரத்தில் நண்பர்கள் தோளில் தொங்கிக்கொண்டு போனான்.

"அவன் படம் என்னுதைவிட நல்லா இருக்கு," என்றாள் மகள், சாலையைப் பார்த்துக்கொண்டே. மூன்று நாளில் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு. "நானே அவன்கிட்ட முன்னாடி சொல்லியிருக்கேன்."

"உன்னுதுல பதினொரு பேரு இருக்காங்க," என்றாள் அம்மா. "எனக்கு முன்னாடி தெரியல."

"பன்னெண்டு. பஸ்ஸுக்குள்ள ஒருத்தர் தூங்குறாரு. நீ அதையும் பாக்கல."

"பாக்கல."

"உன்மேல எனக்கு இன்னும் கோவம்தான்."

"தெரியும்."

"இன்னும் நாலு நாளு பேச மாட்டேன்."

"சாப்பிடுவியா?"

கொஞ்சம் யோசித்தாள். "சாப்பிடுவேன். பேச மாட்டேன்."

பஸ் வந்தது. மகள் முதலில் ஏறி ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்து இடத்தில் பையை வைத்துவிட்டாள். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நாள் முழுக்கப் படம் தூக்கிய கை மேலே நிற்கவே இல்லை, இன்னொரு கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாள். இரண்டாவது நிறுத்தத்தில் கூடையோடு ஏறிய ஒரு பெண்மணி அந்த இருக்கையைக் காட்டி, "பையை எடும்மா, உக்காந்துக்கறேன்," என்றார்.

மகள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஆள் இருக்காங்க," என்று சொல்லி, நின்றுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்தாள்.